எஃப்8 என்றால் விற்பனை

எங்கள் பகுதியில் கணக்கு எழுதுகிறவர்கள் திரையைப் பார்த்துத் தட்டுவதில்லை. கண் பில் கட்டில் இருக்கும், கை கீபோர்டில் இருக்கும். எஃப்8 என்றால் விற்பனை, எஃப்9 என்றால் கொள்முதல், எஃப்5 பேமென்ட், எஃப்6 ரிசீப்ட், எஃப்7 ஜர்னல், எஃப்2 தேதி. டாலி என்ற கணக்கு மென்பொருளில் பழகிய கை இது. திருப்பூரில் ஒரு பின்னலாடை கம்பெனியிலும், ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடையிலும், நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் அலுவலகத்திலும் இதே விசைகளை இதே வேகத்தில் அழுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மாலை ஐந்து மணிக்கு வாசலில் டெம்போ நிற்கும்போது, அந்த வேகத்தை நம்பித்தான் அலுவலகமே ஓடுகிறது.

திருப்பூர் கம்பெனி ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு அங்கேயே கம்ப்யூட்டர் சம்பந்தமான எல்லாவற்றையும் பார்த்துக்கொள்பவனாகி, இப்போது சிறு நிறுவனங்களுக்குச் சலான் (சரக்கோடு அனுப்பும் சீட்டு), இருப்பு, கூலிக் கணக்கு மென்பொருள்கள் எழுதிக் கொடுக்கிறேன். புதிதாக இந்த வேலைக்கு வரும் தம்பிகள் வண்ணம், எழுத்துரு, ஐகான் என்று பல நாட்களைச் செலவிடுகிறார்கள். எந்த விசை எந்த வேலையைச் செய்யும் என்பதைக் கடைசி நேரத்தில் போகிற போக்கில் முடிவு செய்கிறார்கள். நான் அதைத்தான் முதலில் முடிவு செய்யச் சொல்வேன். ஏன் என்பதற்கு எனக்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது.

நான் வேலை பார்த்த கம்பெனியில் ஒரு மென்பொருள் வாங்கியிருந்தார்கள். நூல் வரவைப் பதிய ஒரு பகுதி, நிட்டிங் முடிந்த துணியைச் சாயப்பட்டறைக்கு அனுப்ப இன்னொரு பகுதி. விற்ற நிறுவனம் ஒன்றுதான். உள்ளே நிரல் எழுதியவர்கள் வேறு வேறு ஆட்கள் என்பது பயன்படுத்திய சில நாட்களிலேயே தெரிந்தது. நூல் வரவில் எஃப்10 அழுத்தினால் பதிவு சேமிக்கப்படும். துணி அனுப்பும் பகுதியில் அதே எஃப்10 அழுத்தினால் உள்ளிட்ட வரிகள் எல்லாம் அழிந்து படிவம் வெறுமையாகிவிடும். அழிக்கலாமா என்று ஒரு கேள்விகூட வராது.

துணி அனுப்பும் பகுதியில் இருந்தவர் பவானி பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண். காலையில் நூல் வரவு, மாலையில் துணி அனுப்புதல், இரண்டும் அவர் பொறுப்பு. வெளியே ஒருவர் ரோலைத் தராசில் ஏற்றி எடையைச் சீட்டில் எழுதித் தருவார். 22.450, 21.880, 23.100 என்று ஒவ்வொரு ரோலுக்கும் ஓர் எண். இடக்கையில் சீட்டு, வலக்கை நம்பர் பேடில். எண், என்டர், எண், என்டர். கடைசி ரோல் முடிந்ததும் நடுவிரல் தானாக மேலே எழும்பி எஃப்10ஐத் தொடும். காலை முழுவதும் அப்படித் தொட்டுச் சேமித்த விரல் அது. மாலையில் அதே விரல் முப்பது நாற்பது ரோல்களின் எடையைத் துடைத்துப் போட்டுவிடும்.

இதில் இன்னொரு கொடுமையும் இருந்தது. சேமித்தால் அடுத்த சலானுக்காகப் படிவம் வெறுமையாகும். அழித்தாலும் படிவம் வெறுமையாகும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. "அண்ணா, நான் சேமித்தேனுங்க, சலானைத்தான் காணோம்" என்று அவர் வந்து நின்றபோது அவர் சொன்னதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை. டெம்போ டிரைவர் வாசலில் நின்று ஹாரன் அடிக்க, மேலாளர் உள்ளிருந்து சத்தம் போட, எடைச் சீட்டைத் தேடி எடுத்து முதலிலிருந்து மறுபடி அடித்தார்.

விற்ற நிறுவனத்தைக் கூப்பிட்டால், "கையேட்டில் தெளிவாகப் போட்டிருக்கிறோம் சார், கவனமாக அழுத்தச் சொல்லுங்கள்" என்றார்கள். அந்தப் பதில் எனக்கு இன்றும் ஆறவில்லை. கவனம் என்பது தராசிலும் சீட்டிலும் இருக்க வேண்டியது. 22.450ஐ 24.250 என்று அடித்துவிட்டால் சாயப்பட்டறையோடு கணக்கு இடிக்கும். அங்கேதான் அவர் கண் இருக்க வேண்டும். எந்த விசையில் எது இருக்கிறது என்று ஒவ்வொரு திரையிலும் நின்று யோசிக்கச் சொல்வது, வேலை தெரிந்தவரின் தேர்ச்சியை அவரிடமிருந்து பறிப்பது. விடாமல் பேசினேன். கடைசியில் இரண்டு பகுதியிலும் எஃப்10 சேமிக்கும் என்று மாற்றினார்கள். அழிப்பதை விசையிலிருந்தே எடுத்துவிட்டு ஒரு பொத்தானாக வைத்தார்கள். சேமித்தவுடன் சலான் எண்ணைத் திரையின் மேலே பெரிய எழுத்தில் காட்டும்படி கேட்டேன், அதையும் செய்தார்கள். அந்தப் பெண் அதற்குப் பிறகு ஒரு சலானையும் இழக்கவில்லை. உண்மையில் எஃப்10ஐ அவர்கள் தொட்டிருக்கவே கூடாது. விண்டோஸில் அது மெனுவுக்குப் போகும் விசை. ஆனால் அதற்குள் விரல்கள் அதில் பழகிவிட்டிருந்தன. அந்த நிலையில் அதை மாற்றச் சொல்வது நியாயமாகப் படவில்லை.

அன்றிலிருந்து எந்த மென்பொருளைத் தொடங்கினாலும் முதலில் ஓர் அட்டவணை போடுகிறேன். ஒரு பத்தியில் விசை, அடுத்ததில் அது செய்யும் வேலை, அடுத்ததில் எந்தெந்தத் திரைகளில் என்பது, கடைசியில் அதே விசை விண்டோஸிலும் எக்செலிலும் டாலியிலும் உலாவியிலும் என்ன செய்கிறது என்பது. மூன்று பேர் சேர்ந்து எழுதினாலும் அட்டவணை ஒன்றுதான். அதில் இல்லாத விசையை யாரும் நிரலில் சேர்க்கக் கூடாது. மிகச் சாதாரணமான ஏற்பாடுதான். ஆனால் நான் பார்த்த குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு காகிதம் இல்லாததால் வந்தவை.

கடைசிப் பத்தியை நிரப்பும்போதுதான் சிக்கல் புரியும். எஃப்5ஐ எடுத்துக்கொள்ளுங்கள். டாலியில் பேமென்ட் வவுச்சர். எக்செலில் ஒரு குறிப்பிட்ட கட்டத்துக்குத் தாவும் பெட்டி. பவர்பாயின்ட்டில் ஸ்லைடுகளை முதலிலிருந்து ஓட்டும். நோட்பேடில் இன்றைய தேதியையும் நேரத்தையும் எழுதும். உலாவியில் பக்கத்தைப் புதுப்பிக்கும். பாதி நிரப்பிய படிவம் அதோடு போய்விடலாம். ஒரு கணக்காளர் ஒரே மணி நேரத்தில் டாலி, எக்செல், அரசு இணையதளம் மூன்றுக்கும் மாறி மாறிப் போகிறார். கண்ட்ரோல்-டி (D) இன்னும் மோசம். எக்செலில் மேல் கட்டத்தில் உள்ளதைக் கீழே நிரப்பும், வேர்டில் எழுத்துரு பெட்டியைத் திறக்கும், உலாவியில் பக்கத்தைக் குறித்து வைக்கும், விண்டோஸ் கோப்புறையில் தேர்ந்தெடுத்த கோப்பை அழிக்கும்.

இப்படி இருக்கும்போது உலகத்தோடு ஒத்துப்போ என்று பொதுவாகச் சொல்வதில் பயனில்லை. எந்த உலகத்தோடு என்பதுதான் கேள்வி. நான் விசைகளை மூன்று வட்டங்களாகப் பிரித்துக்கொள்கிறேன். கண்ட்ரோல்-சி, எக்ஸ், வி, இசட், எஸ், பி, ஆல்ட்-எஃப்4, எஸ்கேப், டேப், உதவிக்கு எஃப்1 ஆகியவை எல்லோருக்கும் பொதுவானவை. இவற்றுக்கு வேறு வேலை கொடுக்க எனக்கு உரிமை இல்லை. அடுத்தது தொழிலின் விசைகள். கணக்கு அலுவலகத்துக்கு எழுதினால் டாலியின் எஃப்2, எஃப்4 முதல் எஃப்9 வரை, பதிவுக்கு நடுவிலேயே புதிய பார்ட்டியை, அதாவது வாங்குபவர் அல்லது விற்பவர் பெயரைச் சேர்க்கும் ஆல்ட்-சி. இவை எந்த வடிவமைப்புப் பாடநூலிலும் இருக்காது. ஆனால் எங்கள் ஊரில் என் மென்பொருளைத் திறக்கும் கை ஏற்கெனவே இவற்றைக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறது. மூன்றாவதாக, மீதி இருப்பவை என்னுடையவை.

நாற்பது வயதைத் தாண்டிய கணக்காளர்கள் பலர் டைப்ரைட்டிங் லோயர், ஹையர் தேறியவர்கள். கோபி, தாராபுரம், உடுமலை என்று ஊருக்கு ஊர் இருந்த இன்ஸ்டிடியூட்களில் காலை ஆறு மணிக்கே போய், விசைகளைப் பார்க்காமல் அடிக்கப் பழகியவர்கள். அப்படிப்பட்டவருக்கு மவுஸைத் தொடுவதே ஒரு தடங்கல். நான் அட்டவணை போடும் முன் அவர்கள் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, என்ன அழுத்துகிறார்கள் என்று குறித்துக்கொள்வேன். கேட்டால் சொல்ல மாட்டார்கள். சொல்லத் தெரியாது என்பதல்ல. அது சொல்லுக்கு முன்னாலேயே விரலில் நடந்துவிடுகிறது. ஒரு முறை ஓர் அண்ணனிடம், "டெபிட் நோட் போட எதை அழுத்துவீர்கள்?" என்று கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, "இருங்கள் தம்பி" என்று கீபோர்டில் கையை வைத்து அழுத்திக் காட்டி, அதைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

முதல் வட்டமும் இரண்டாவது வட்டமும் மோதும் இடம் ஒன்று உண்டு. அதில்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன். கண்ட்ரோல்-ஏ. உலகம் முழுவதும் அது எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கும் விசை. டாலியில் பதிவை ஏற்றுச் சேமிக்கும் விசை. டாலியில் நாள் முழுவதும் இருந்துவிட்டு மின்னஞ்சல் எழுத வருபவர், முடித்த கையோடு கண்ட்ரோல்-ஏ அழுத்துவார். கடிதம் முழுவதும் நீல நிறமாகும். அடுத்து எந்த எழுத்தைத் தொட்டாலும் கடிதம் போய் அந்த ஓர் எழுத்து மட்டும் நிற்கும். கண்ட்ரோல்-இசட் தெரிந்தவர் மீட்டுக்கொள்வார், தெரியாதவர் மறுபடி எழுதுவார்.

என் சலான் மென்பொருளில் கண்ட்ரோல்-ஏ என்ன செய்ய வேண்டும்? உடன் வேலை செய்யும் தம்பி ஒரு யோசனை சொன்னார். எடை, விலை போன்ற எண் கட்டங்களில் நின்றால் சேமிக்கட்டும். குறிப்பு எழுதும் கட்டத்தில் நின்றால் எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கட்டும். இரண்டு உலகமும் திருப்தியாகும் என்றார். நான் ஒப்பவில்லை. கர்சர் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்த்த பிறகுதான் விசையை அழுத்த முடியும் என்றால், கண்ணைக் காகிதத்திலிருந்து எடுத்தாக வேண்டும். எஃப்10 கதை அதேதான், இன்னும் சிறிய இடத்தில். பதிவுப் படிவத்தில் எங்கே நின்றாலும் கண்ட்ரோல்-ஏ சேமிக்கும் என்று வைத்தோம். கண்ட்ரோல்-எஸ் அழுத்தினாலும் சேமிக்கும். ஒரு வேலைக்கு இரண்டு விசை இருப்பதால் யாருக்கும் நட்டமில்லை. ஒரு விசைக்கு இரண்டு வேலை இருந்தால்தான் நட்டம். குறிப்புக் கட்டத்தில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்க விரும்புகிறவர் ஹோம் அழுத்தி, ஷிஃப்ட்டோடு எண்ட் அழுத்திக்கொள்ளலாம். இதே மென்பொருளைக் கணக்குப் பக்கம் போகாத, வேர்டு மட்டுமே பழகிய அலுவலகத்துக்குக் கொடுத்தால் முடிவை மாற்றியிருப்பேன். யார் விரல் என்பதைப் பார்க்காமல் எடுத்த முடிவு எதுவும் சரியாக இருக்காது.

சங்ககிரியில் ஒரு டிரைவர் எந்த லாரியில் ஏறினாலும் கிளட்ச், பிரேக், ஆக்சிலரேட்டர் இருக்கும் இடம் மாறுவதில்லை. கியர் வேறாக இருக்கலாம், டேஷ்போர்டு வேறாக இருக்கலாம், பிரேக் மட்டும் இடம் மாறக் கூடாது. எல்லா விசைகளும் எல்லா மென்பொருளிலும் ஒன்றாக இருக்க முடியாது. எவை பிரேக் என்பதைத் தெரிந்துகொண்டால் போதும். என்னைப் பொறுத்தவரை சேமிப்பது, அழிப்பது, பின்வாங்குவது, செய்ததைத் திரும்பப் பெறுவது, அச்சிடுவது.

எஸ்கேப் இதில் முக்கியமானது. அது ஒரு படி பின்னால் போக மட்டுமே. எஸ்கேப் அழுத்தினால் சில திரைகளில் சேமித்துவிட்டு வெளியேறும் மென்பொருள்களைப் பார்த்திருக்கிறேன். தவறாக ஒரு பதிவுக்குள் நுழைந்தவர் தப்பித்து வெளியே வர அழுத்தும் விசை அது. அதை நம்ப முடியாவிட்டால் புதிதாக வருபவர் எதையும் தொட்டுப் பார்த்துக் கற்றுக்கொள்ள மாட்டார்.

அழிக்கும் விசையைச் சேமிக்கும் விசைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். கண்ட்ரோல்-டி என்றால் டெலீட் என்று வைப்பது இயல்பாகத் தோன்றும். கீபோர்டைப் பாருங்கள்: எஸ், டி இரண்டும் ஒட்டியிருக்கின்றன. எஸ்ஸைத் தேடும் விரல் அரை அங்குலம் வலப்பக்கம் நகர்ந்தால் போதும். எச்சரிக்கைப் பெட்டி போட்டுவிட்டோமே என்பார்கள். அந்தப் பெட்டியில் ‘ஆம்’ ஏற்கெனவே தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தால், என்டர் என்டர் என்று ஓடிக்கொண்டிருக்கும் கை பெட்டி வந்ததைக் கண் உணரும் முன்பே அதையும் தாண்டிவிடும். அழிக்கும் கேள்விகளில் ‘இல்லை’தான் முன்தேர்வாக இருக்க வேண்டும். அதைவிட நல்லது, அழித்ததைச் சில நாட்களுக்கு மீட்கும்படி வைத்திருப்பது. நான் எழுதும் மென்பொருள்களில் சலானை யாரும் உண்மையில் அழிக்க முடியாது. ரத்து என்று முத்திரை விழும், எண் அப்படியே இருக்கும். தணிக்கைக்கும் அதுவே நல்லது.

விசைகளை மாற்றியே ஆக வேண்டிய நேரமும் வரும். அப்போது பழையதைக் கொல்லாமல் புதியதைக் கொண்டுவருவது எப்படி என்பதற்கு நல்ல முன்னுதாரணங்கள் இருக்கின்றன. இசட், எக்ஸ், சி, வி என்று கீபோர்டின் இடது கீழ் மூலையில் வரிசையாக இருக்கும் நான்கும் ஆப்பிளின் லிசா கணினியில் 1983இல் வந்தவை. வெட்டி ஒட்டும் முறையே அதற்குமுன் 1970களில் ஜெராக்ஸின் ஆய்வுக்கூடத்தில் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் செய்த வேலையிலிருந்து வளர்ந்தது. ஐ.பி.எம். 1987இல் எல்லா மென்பொருளும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒரு பொது விதித்தொகுப்பைக் கொண்டுவந்தது. அதில் நகலுக்குக் கண்ட்ரோல்-இன்செர்ட், ஒட்டுவதற்கு ஷிஃப்ட்-இன்செர்ட், வெட்டுவதற்கு ஷிஃப்ட்-டெலீட். விண்டோஸ் பிறகு கண்ட்ரோல்-சி, வி பக்கம் வந்தது. ஆனால் பழையதை எடுக்கவில்லை. இன்றும் ஷிஃப்ட்-இன்செர்ட் அழுத்திப் பாருங்கள், ஒட்டும். எக்செலில் சாய்கோட்டை அழுத்தினால் மெனுவுக்குரிய எழுத்துகள் தோன்றுவதும் அப்படித்தான். 1983இல் வெளிவந்த லோட்டஸ் 1-2-3இல் மெனுவைத் திறந்த விசை அது. அந்த மென்பொருளே வழக்கொழிந்த பிறகும் அதில் பழகிய கைக்கு எக்செல் இடம் வைத்திருக்கிறது. இது எனக்கு மிகவும் பிடித்த மரியாதை.

போட்டோஷாப்பில் பல ஆண்டுகள் கண்ட்ரோல்-இசட் ஒரு படி மட்டும் பின்னால் போகும். மறுபடி அழுத்தினால் முன்னால் வந்துவிடும். 2018 அக்டோபரில் வந்த பதிப்பில் மற்ற மென்பொருள்களைப் போல அழுத்த அழுத்தப் பின்னால் போகும்படி மாற்றினார்கள். மாற்றம் சரியானது. அதோடு, பழைய முறையே வேண்டும் என்பவர்களுக்கு அமைப்புகளில் ஒரு தேர்வையும் விட்டுவைத்தார்கள். டாலி.ஈ.ஆர்.பி 9இல் கிரெடிட் நோட்டுக்குக் கண்ட்ரோல்-எஃப்8. 2020இல் வந்த டாலிபிரைமில் அது ஆல்ட்-எஃப்6. இப்படி ஒரு பதிப்பிலிருந்து அடுத்ததற்கு மாறும் வாரத்தில் மார்ச் மாதக் கணக்கு முடிப்பு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதே நான் எல்லா அலுவலகங்களுக்கும் சொல்வது. நான் எழுதும் மென்பொருளில் ஒரு விசை மாறினால், பழைய விசையும் ஒரு நிதியாண்டு முழுவதும் வேலை செய்யும். அதை அழுத்தும்போது வேலை நடந்துவிடும். கீழே ஒரு வரியில் புதிய விசை எது என்று தெரியும். தடுத்து நிறுத்திப் பாடம் எடுக்காது.

திருப்பூரில் பிரிண்டிங், லேபிள் டிசைன் செய்யும் தம்பிகளின் நிலைமையையும் சொல்ல வேண்டும். அவர்கள் கோரல்டிராவுக்கும் போட்டோஷாப்புக்கும் இல்லஸ்ட்ரேட்டருக்கும் இடையே நாள் முழுவதும் தாவுகிறார்கள். கோரல்டிராவில் கண்ட்ரோல்-க்யூ என்றால் எழுத்துகளை வளைகோடுகளாக மாற்றுவது. அச்சுக்கு அனுப்பும் முன் எல்லா லேபிளுக்கும் செய்ய வேண்டிய வேலை. போட்டோஷாப்பிலும் இல்லஸ்ட்ரேட்டரிலும் கண்ட்ரோல்-க்யூ என்றால் மென்பொருளையே மூடுவது. கோரலில் கண்ட்ரோல்-டி இன்னொரு பிரதி எடுக்கும். போட்டோஷாப்பில் தேர்வை நீக்கும். எல்லோரும், "விசைகளை நமக்கு வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாமே" என்பார்கள். தனி ஆளுக்கு அது சரி. எங்கள் ஊரில் ஒரே கம்ப்யூட்டரில் பகல் ஷிஃப்டில் ஒருவர், இரவு ஷிஃப்டில் இன்னொருவர். ஒருவர் மாற்றி வைத்துப் போனால் அடுத்தவர் வந்து திண்டாடுவார். அதனால் மாற்றும் வசதி கொடுத்தால், அது ஒவ்வொருவரின் லாகினோடு சேர்ந்திருக்க வேண்டும். கம்ப்யூட்டரோடு சேர்ந்திருக்கக் கூடாது. பொது லாகினில் வேலை செய்யும் இடங்களில் மாற்றாமல் விடுவதே மேல்.

இப்போது எல்லோரும் மென்பொருளை உலாவிக்குள் கொண்டுபோகச் சொல்கிறார்கள். போகும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். குரோமில் கண்ட்ரோல்-என், கண்ட்ரோல்-டி, கண்ட்ரோல்-டபிள்யூ போன்றவற்றில் கண்ட்ரோல்-டியை நாம் பிடித்துக்கொள்ள முடியும். என், டபிள்யூ இரண்டையும் உலாவி தனக்கென்றே வைத்துக்கொள்கிறது. புதிய பில்லுக்குக் கண்ட்ரோல்-என் பழகிய கடைக்குப் புது சன்னல்தான் திறக்கும். நான் அதை ஆல்ட்-என் என்று வைக்கிறேன். எஃப்8, எஃப்9 சிக்கலில்லை. எஃப்5ஐ நம் பக்கம் பிடித்துப் பேமென்ட்டுக்குக் கொடுக்கலாம், ஆனால் பக்கம் முழுமையாக ஏறும் முன் அழுத்தினால் உலாவியின் வேலைதான் நடக்கும். அதனால் அடித்த ஒவ்வொரு வரியையும் உடனுக்குடன் வரைவாகச் சேமித்து வைக்கிறேன். பக்கம் புதுப்பித்தாலும் மின்சாரம் போனாலும் ரோல் எடைகள் அங்கேயே இருக்கும்.

லேப்டாப்பில் எஃப் வரிசை ஒலிக்கும் வெளிச்சத்துக்கும் போய்விடுகிறது. புது லேப்டாப்பில் எஃப்8 அழுத்தினால் விற்பனை வரவில்லை என்று வரும் அழைப்புகளுக்குப் பதில் பெரும்பாலும் எஃப்என் பூட்டுதான். பல லேப்டாப்களில் எஃப்என்னோடு எஸ்கேப் அழுத்தினால் அது மாறும். சிலவற்றில் பயாஸ் என்ற கணினியின் தொடக்க அமைப்பில் மாற்ற வேண்டியிருக்கும். கணக்கு வேலைக்கு லேப்டாப் வாங்கினால் கடையிலேயே இதைச் சரிசெய்து வாங்கிவிடுங்கள், நம்பர் பேடு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நம் நாட்டுக்கே உரிய சிக்கல்களும் உண்டு. இந்திய ஆங்கில விசைப்பலகை அமைப்பில் வலப்பக்க ஆல்ட்டோடு 4 அழுத்தினால் ரூபாய்க் குறி ₹ வரும். விண்டோஸ் அந்த அழுத்தத்தைக் கண்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்ந்ததாகவே பார்க்கிறது. மென்பொருளில் கண்ட்ரோல்-ஆல்ட்-4க்கு வேறொரு வேலையைக் கொடுத்துவிட்டால் ரூபாய்க் குறியை அடிக்க முடியாமல் போகும். கண்ட்ரோல்-ஆல்ட் சேர்க்கைகளை நான் தொடுவதே இல்லை. தமிழ் விசைப்பலகை இயங்கும்போது இன்னொன்று. தமிழ்99 அமைப்பில் எஸ் விசையில் ‘இ’ எழுத்து இருக்கிறது. கூலிப் பட்டியலில் பெயர்களைத் தமிழில் அடித்துவிட்டு அப்படியே கண்ட்ரோல்-எஸ் அழுத்துவார்கள். இணைய நிரலில் விசை தரும் எழுத்தைப் படிப்பது ஒரு வழி, விசை இருக்கும் இடத்தைப் படிப்பது இன்னொரு வழி. எழுத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யும் நிரல் தமிழ் அமைப்பில் தடுமாறலாம். ஷார்ட்கட்டுகளுக்கு இடத்தையும் சேர்த்துப் பாருங்கள். வெளியிடும் முன் தமிழ் அமைப்பைப் போட்டு எல்லா விசைகளையும் ஒரு முறை அழுத்திப் பாருங்கள்.

பார்வையற்ற நண்பர் ஒருவர் என்விடிஏ என்ற திரைவாசிப்பானைக் கொண்டு வேலை செய்கிறார். அதன் கட்டளைகளுக்கு அடிப்படை இன்செர்ட் விசை. ஒரு மென்பொருள் இன்செர்ட்டை வரி சேர்ப்பதற்கு எடுத்துக்கொண்டால் அவருக்கும் அதற்கும் இடையே இழுபறிதான். அவருக்கு மவுஸ் என்பதே கிடையாது. விசைகள் ஒரே சீராக இருந்தால்தான் வேலை. இணையப் பக்கங்களுக்கான அணுகல் வழிகாட்டி 2018இல் வந்த 2.1 பதிப்பில், ஒற்றை எழுத்தை ஷார்ட்கட்டாக வைத்தால் அதை அணைக்கவோ மாற்றவோ வழி வேண்டும், இல்லையென்றால் அந்தப் பகுதியில் நிற்கும்போது மட்டுமே அது இயங்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. குரலால் கணினியை இயக்குபவர் பேசும் ஒரு சொல்லின் எழுத்துகள் ஒவ்வொன்றும் ஒரு கட்டளையாகிவிடக் கூடாது என்பதற்காக. சரியான விதி அது.

பிளஸ் டூ முடித்து வரும் பிள்ளைகளுக்குக் கீபோர்டே புதிது, கைப்பேசியில் வளர்ந்தவர்கள். அவர்களுக்கு முழு அட்டவணையையும் ஒரே நாளில் கொடுக்க வேண்டாம். அன்றைய வேலைக்கு வேண்டிய மூன்று விசைகள் போதும். பொத்தானிலேயே விசையின் பெயரும் தெரியும்படி வைத்தால், மவுஸில் அழுத்தும்போதே கண்ணில் பட்டுப் பட்டு, ஒரு மாதத்தில் அவர்களாகவே விசைக்கு வந்துவிடுகிறார்கள்.

மென்பொருள் வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்லும் சோதனை ஒன்றுதான். செய்து காட்ட வருபவர் தன் கையால் ஓட்டிக் காட்டுவதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் கணக்காளரை நாற்காலியில் உட்கார வையுங்கள். மவுஸின் வயரைப் பிடுங்கிவிடுங்கள். நேற்றைய உண்மையான சலான் ஒன்றை, எல்லா ரோல்களோடும், புதிய பார்ட்டி பெயர் சேர்த்து, நடுவில் ஒரு வரியைத் திருத்தி, அச்சு எடுப்பதுவரை செய்யச் சொல்லுங்கள். பிறகு நூல் வரவுத் திரைக்குப் போய் அதே விசைகள் அதே வேலையைச் செய்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். அவர் எங்கெல்லாம் கையை எடுத்து நின்று யோசிக்கிறாரோ அதையெல்லாம் குறித்துக்கொண்டு, அவற்றை மாற்றித் தருவதாக எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு விலையைப் பேசுங்கள்.